கோடு கிழித்த பள்ளம்

திரையில் அந்த நீலப் பள்ளத்தைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எண்ணெய் தேடும் அவள் அலுவலகமோ தலைகால் புரியாமல் ஆடியது. டீ கொண்டுவருபவர்கூட எண்ணெய் எப்போது வரும் என்று கேட்டார். விமானத்தில் காந்தமானியைக் கட்டிப் பறந்து எடுத்த அளவுகளை வைத்து வரைந்த படம் அது. காந்தம் உள்ள அடிப்பாறை ஆழத்தில் கிடந்தால் அளவுகளின் ஏற்ற இறக்க அலைகள் சாதுவாகிவிடும். அதன்மேல் படிவுப் பாறை கனமாகக் குவிந்திருக்கிறது, எண்ணெய் இருக்கலாம் என்று அர்த்தம். துளை போடும் இடம் இன்று மூன்று மணிக் கூட்டத்தில் முடிவாகும்.

ஆனால் பள்ளத்தின் இரண்டு ஓரங்களும் ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல நேராக இருந்தன. பூமிக்கு அவ்வளவு ஒழுங்கு ஏது? போதாததற்கு, விமானம் போய்வந்த கோடுகள்மேலேயே அவை உட்கார்ந்திருந்தன. பள்ளத்துக்குள் இருந்த கோடுகள் எல்லாம் ஒரே நாளில் பறந்து எடுத்தவை. அன்று விமானத்தை ஓட்டியவர் அவள் கணவர். உயரம் காட்டும் கருவி அன்று பழுது என்று, திட்டமிட்ட உயரத்தையே பதிவில் போட்டிருந்தார்கள்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மாடிப்படியில் நின்று கணவருக்குப் போன் செய்தாள். அன்றைக்கு எவ்வளவு உயரத்தில் போனீர்கள் என்று கேட்டாள். அவர் வானிலையைச் சொல்லிச் சுற்றி வளைத்து, கடைசியில் உண்மையைச் சொன்னார்.

"மேலதான் போனேன். நம்ம இன்னொரு பைலட் அந்த மலையில விமானத்தை இடிச்சுக் காலை ஒடிச்சுக்கிட்ட மறுநாள் அது. தாழப் பறக்கமாட்டேன்னு நம்ம பாப்பா தலைமேல சத்தியம் வாங்கினியே."

உயரப் பறந்தாலும் அலைகள் சாதுவாகத்தான் தெரியும். அலுவலகம் கொண்டாடிய பள்ளம் அவளுடைய பயம்தான். வாயை மூடிக்கொண்டால் வெறும் பாறையில் துளை இறங்கும். திறந்தால் அந்த மலைமேல் மறுபடி தாழப் பறக்க வேண்டும். அந்த மலை பழக்கப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

கூட்டத்தில் மேலாளர் பேனாவால் பள்ளத்தைத் தொட்டபோது அவள் எழுந்துவிட்டாள். அங்கே பள்ளமே இல்லை, பறந்த உயரம் தப்பு என்றாள். விமானி ஏன் மேலே போனார் என்று மேலாளர் கேட்டார்.

"நான்தான் சார் போகச் சொன்னேன்."

மேலாளர் முகம் சுண்டிப்போனது. திட்டத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அதே கோடுகளை இந்த வாரமே தாழப் பறந்து எடுக்க வேண்டும், உங்கள் வீட்டுக்காரர் போவாரா என்று கேட்டார். போவார் என்றாள்.

வெளியே வந்ததும் கணவருக்குச் செய்தி அனுப்பினாள்: "பாப்பா தலைமேல பண்ணின சத்தியம் செல்லாது. பாத்துப் பறங்க."

அனுப்பிய பிறகும் அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.