மூன்றாம் மாடியின் பூட்டு

வெந்நீரில் கால் வைத்த பிறகுதான் அக்காவுக்குச் சாவி நினைவு வந்தது.

அக்கா என்றால் யாருக்கும் கூடப்பிறந்தவள் இல்லை. எலக்ட்ரீஷியன் பயிற்சிப் பள்ளியில் உடன் படிப்பவர்கள் எல்லாரும் அவளைவிட இளையவர்கள். பாடம் நடத்துகிற டீச்சர்கூட அவள் பெற்றிருக்கக்கூடிய வயதுதான். ஆகவே முதல் நாளே ஒருவரும் கேட்காமல், கொள்ளாமல் எல்லாருக்கும் அக்கா ஆகிவிட்டாள். அதற்கு முன்னால் அவள் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். வருடக்கணக்காக வெறும் காலர். உடம்பு, கை, பித்தான் எல்லாம் வேறு ஆட்கள். அந்தக் கம்பெனி ஒரு நாள் கதவைச் சாத்தியபோது, முழுச் சட்டை ஒன்றைத் தைக்கத் தெரியாமலே தையல்காரியாக இருந்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. பிறகு மாடிப்படி கழுவும் வேலை. படிகள் கழுவக் கழுவச் சுத்தமாயின, முழங்கால் தேய்ந்தது.

மின்சாரம் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். கணவர் சிரிக்கவில்லை. "ஃபியூஸ் போனா இனி பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட வேண்டாம்ல" என்றார். அதுதான் அவருடைய ஆசீர்வாதம்.

இப்போது பயிற்சியின் கடைசிக் கட்டம். கட்டிக்கொண்டிருக்கும் ஓர் அலுவலகக் கட்டடத்தில் மூன்று மாதம் வேலை பார்க்க வேண்டும். அதில் பெரும்பகுதி ஓடிவிட்டது. பழுதில்லாமல் முடித்தால், சுவிட்ச் போர்டு செய்கிற ஒரு பட்டறையில் அவளுக்கு இடம் பேசி வைத்திருந்தாள் டீச்சர். மேசை, நல்ல வெளிச்சம், முதுகு சாய ஒரு நாற்காலி. உட்கார்ந்து பார்க்கிற வேலை. அந்த நாற்காலியை அக்கா நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். யாரும் இல்லாதபோது ஒரு தரம் உட்கார்ந்தும் பார்த்தாள். கோயில் சிலையைப் பார்த்தவள் மாதிரி அன்று முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தாள் என்று கணவர் இன்னும் கேலி செய்வார்.

அந்த நாற்காலிக்கும் அவளுக்கும் நடுவில் இப்போது ஒரு பூட்டு வந்து நின்றது.

பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் பள்ளி ஒரு பூட்டு கொடுத்திருந்தது. ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. எந்த லைனில் வேலையோ, கீழ்த்தளத்துப் போர்டில் அந்த லைனின் சுவிட்சை இறக்கிவிட்டு அதில் தன் பூட்டை மாட்டிவிட வேண்டும். சாவி தன்னிடம். மாட்டியவர் வந்து திறக்கும்வரை அந்த லைனில் கரண்டு வராது. நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டும் தொங்க வேண்டும். அவரவர் உயிருக்கு அவரவர் பூட்டு. அடையாளத்துக்காக அக்கா தன் பூட்டில் சிவப்பு நகப்பூச்சு தடவி வைத்திருந்தாள். ஆள் இடத்தில் இல்லாதபோது அவருடைய பூட்டை வெட்டித் திறக்க நேர்ந்தால், அவருடைய மூன்று மாதமும் செல்லாது. மறுபடி முதலிலிருந்து. இது பள்ளியின் சட்டம். யானைக்கும் அடி சறுக்கும் என்று சமாதானம் சொல்லலாம், ஆனால் சட்டம் யானையைக் கணக்கில் எடுக்கவில்லை.

இன்று மூன்றாம் மாடியில் எல்லா வேலையையும் முடித்து, பெட்டிகளை எல்லாம் மூடி, முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தவள், போர்டைத் தாண்டி நேராக பஸ்ஸுக்குப் போய்விட்டாள். கால்சட்டைப் பையில் சாவி. போர்டில் பூட்டு.

போன் அடித்தது. கட்டடத்து ஃபோர்மேன்.

"அக்கா, உங்க பூட்டு இங்கயே தொங்குது. டைல்ஸ் ஆளுங்க மூணாவது மாடிக்குச் சாயந்தர ஷிஃப்ட் வந்திருக்காங்க. மெஷினுக்குக் கரண்டு இல்லாம என் தலையை உருட்டிக்கிட்டு இருக்காங்க."

"இப்பதான் வீட்டுக்கு வந்தேன் தம்பி. காலைக்கூட இன்னும் துடைக்கல."

அவரும் களைத்த குரலில்தான் பேசினார். கெட்ட மனிதர் இல்லை. "ஒண்ணு செய்யலாம். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் வெட்டிடறேன். விஷயம் ஸ்கூலுக்குப் போகாது. புதுசா ஒண்ணு வாங்கித் தர்றேன், நகப்பூச்சு நீங்க போட்டுக்குங்க. மேல யாரும் இல்ல. உங்ககூடப் படிக்கிற அந்த ஒட்டடைக்குச்சிப் பயகூட அப்பவே கிளம்பிட்டான், நானே பார்த்தேன்."

அக்கா தன் கால்களைப் பார்த்தாள். வெந்நீருக்குள் அவை வேறு யாருடைய கால்களோ போல வெளுத்துக் கிடந்தன. திரும்பிப் போவதென்றால் இரண்டு பஸ்.

"வெட்டிடுங்க தம்பி," என்றாள்.

போனை வைத்ததும் மனசுக்குள் ஏதோ உறுத்தியது. உறுத்தட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். நீர் ஆறுவதற்குள் போன் மறுபடி அடித்தது.

"வெட்டற கட்டரைப் பிளம்பர் தன் வண்டியில போட்டு எடுத்துட்டுப் போயிட்டான். வேற வழி இல்லக்கா. நீங்க வந்துதான் ஆகணும்."

கணவர் துண்டை நீட்டினார். அவருக்கு இடுப்பில் பெல்ட் கட்டிய உடம்பு, கூட வர முடியாது. "பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆகணும். போயிட்டு வா, தண்ணியை மறுபடி சுட வைக்கிறேன்" என்றார்.

"பேய்க்கு வாழ்க்கைப்பட்டது எப்பவோ. இது ரெண்டாவது புளியமரம்" என்று முணுமுணுத்தபடி ஈரக் காலைச் செருப்புக்குள் திணித்தாள்.

கட்டடத்தில் டைல்ஸ் ஆட்கள் மணல் மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அவளைக் கண்டதும் ஒருவன் கை தட்டினான். ஃபோர்மேன் போர்டின் பக்கத்தில் நின்று, "வாங்க, வாங்க, திறந்துவிடுங்க" என்றார். அத்தனை சுவிட்சுகளுக்கு நடுவில் சிவப்புப் பூட்டு மட்டும் பிடிவாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா சாவியை எடுத்தாள். எடுத்த கை பூட்டுவரை போய் நின்றது.

டீச்சர் வகுப்புக்கு வகுப்பு, அலுக்காமல், கேட்கிறவர்களுக்கு அலுத்துப்போகும்வரை சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. பூட்டைக் கை திறக்கக் கூடாது, கால்தான் திறக்கணும். அதாவது, திறப்பதற்கு முன்னால் வேலை நடந்த இடத்துக்கு நடந்து போய்த் தன் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும். டீச்சருக்கு என்ன, இளம் கால்கள். லிஃப்ட் இருக்க வேண்டிய இடத்தில் இங்கே வெறும் குழிதான் இருந்தது.

"மேல ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்."

"யாரும் இல்லைன்னு சொல்றேன்ல?"

"நீங்க சொல்றீங்க. நான் பார்க்கணும்."

சொல்லிவிட்டாளே தவிர, முதல் படியிலேயே தன் வாயைத் தானே திட்டிக்கொண்டாள். டைல்ஸ் ஆட்கள் முனகியது முதல் மாடிவரை கேட்டது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இங்கேயே சற்று நின்றுவிட்டு, பார்த்தாயிற்று என்று சொல்லி இறங்கினால் யாருக்குத் தெரியும்? உண்மையாகவே அந்த யோசனை வந்தது. வந்து அவள் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. சாயங்கால வெளிச்சம் ஜன்னல் ஓட்டைகள் வழியாகத் தரையில் விழுந்திருந்தது. ஏறத்தான் செய்தாள். நல்லவள் என்பதால் இல்லை. பாதி மலை ஏறியவருக்கு இறங்குவதும் ஏறுவதும் ஒரே வலிதான்.

மூன்றாம் மாடியின் கடைசி அறையில் ஏணி நின்றது. கூரையில் அவள் பகலில் மூடிய விளக்குப் பெட்டி மறுபடி திறந்து கிடந்தது. தோல் உரித்த மூன்று கம்பி முனைகள் ஏணியின் உச்சிப்படிக்கு நேராகத் தொங்கின. ஏணியின் அடியில், அட்டையை விரித்து, கையில் குறடோடு ஒட்டடைக்குச்சி தூங்கிக்கொண்டிருந்தான்.

அவளோடு பயிற்சியில் இருக்கும் மனிதன். ஏணி இல்லாமலே கூரையைத் தொட்டுவிடுவான் போல உயரம் என்பதால் அந்தப் பெயர். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். பகலில் பயிற்சி, இரவில் ஒரு கிடங்குக்குக் காவல், நடுவில் கிடைத்த இடத்தில் தூக்கம். அக்காவின் முழங்கால் தெரிந்து, தினமும் அவள் தூக்க வேண்டிய குழாய்க் கட்டுகளையும் சேர்த்து மேலே தூக்கி வருகிறவன்.

"டேய்! எழுந்திரு!"

திடுக்கிட்டு எழுந்தான். "அக்கா... டீ குடிச்சிட்டுப் பின்படி வழியா வந்தேன். இந்த விளக்குல நான் ரெண்டு கம்பியை மாத்திக் குடுத்துட்டேன், நடுவழியில ஞாபகம் வந்துச்சு. நாளைக்கு டீச்சர் பார்த்தா மானம் போயிடும்னு சரி பண்ண வந்தேன். பத்து நிமிஷம் கண்ணசரலாம்னு படுத்தேன்."

"உன் பூட்டு எங்க?"

அவன் தலையைச் சொறிந்தான். "பை கீழ இருக்கு. வரும்போது போர்டை எட்டிப் பார்த்தேன், உங்க பூட்டு தொங்குச்சேக்கா. உங்க பூட்டு இருக்கிற வரைக்கும் எனக்கு என்ன பயம்? அதான் நிம்மதியா தூங்கிட்டேன்."

அக்கா ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். கட்டர் மட்டும் அந்தப் பிளம்பரின் வண்டியில் போகாமல் இருந்திருந்தால், இந்நேரம் பூட்டு வெட்டப்பட்டு, சுவிட்ச் ஏறி, இவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏணியில் ஏறி, தொங்குகிற முனையைப் பிடித்திருப்பான். அதற்கு வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு சரி சொன்னவள் அவள்தான். அவளுக்கு அவன்மேல் கோபம் வந்தது, தன்மேல் அதைவிடக் கோபம் வந்தது. இரண்டையும் கத்தித் தீர்க்க உடம்பில் தெம்பு இல்லை.

"பெட்டியை மூடு. நான் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்" என்றாள்.

அவன் மூடி முடித்தான். இருவரும் இறங்கி வந்தார்கள். அவனைக் கண்டதும் ஃபோர்மேனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. என்ன நடந்தது என்று அக்கா நாலே வரியில் சொன்னாள். பிறகு பூட்டைத் திறந்து எடுத்தாள். சுவிட்ச் ஏறியது. டைல்ஸ் ஆட்கள் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் மேலே ஓடினார்கள்.

ஃபோர்மேன் குரலைத் தாழ்த்தினார். "நடக்கக் கூடாதது ஒண்ணும் நடக்கலக்கா. பூட்டும் வெட்டல. இது நம்ம மூணு பேரோட போகட்டும். உங்களைப் பத்தி ஸ்கூல்ல நல்ல வார்த்தை சொல்றேன். பட்டறை வேலை உங்களுக்குத்தான்."

ஒட்டடைக்குச்சி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிள்ளைகளின் முகம் அவன் முகத்தில் தெரிந்தது.

மேசை, வெளிச்சம், நாற்காலி. ஒரு தலையாட்டல் போதும். அவளுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை அவளுடைய முழங்கால் அறியும்.

"முடியாது தம்பி" என்றாள். "உங்களைக் காட்டிக்குடுக்கணும்னு இல்ல. நான் வெட்டச் சொன்னேன். அது என் தலையிலேயே கிடக்கும். இந்தக் காலை வச்சுக்கிட்டு அதையும் சுமந்து தினம் மாடி ஏற எனக்குத் தெம்பில்ல."

அங்கேயே நின்று டீச்சருக்குப் போன் செய்தாள். பூட்டை மறந்ததிலிருந்து வெட்டச் சொன்னதுவரை எல்லாவற்றையும் சொன்னாள். ஒட்டடைக்குச்சியின் பகுதி வந்ததும் தயங்கினாள். அவன் தானே கை நீட்டிப் போனை வாங்கி, "டீச்சர், நான் பூட்டு போடல" என்றான். பிறகு டீச்சரின் குரல், அழுகிறாளோ என்று சந்தேகப்படும்படி வந்தது. ஃபோர்மேனோடு நாளைக்குத் தானே பேசுவதாகச் சொன்னாள். வெட்டச் சொன்னதும் வெட்டியதற்குச் சமம், பூட்டில்லாமல் கம்பியைத் தொட்டதும் அப்படித்தான். இவர்கள் இருவருக்கும் மூன்று மாதமும் மறுபடி முதலிலிருந்து. பட்டறைக்கு அடுத்த ஆளை அனுப்பத்தான் வேண்டும்.

"வருவீங்கதானேக்கா?" என்று கடைசியில் கேட்டாள்.

"வர்றேன் டீச்சர்."

பஸ் நிறுத்தம்வரை அவளுடைய கருவிப் பையை ஒட்டடைக்குச்சி தூக்கி வந்தான். மன்னிப்புக் கேட்கப் பார்த்தான். "வாயை மூடிக்கிட்டு நட. நாளையிலேர்ந்து உன் பூட்டை நான் பார்ப்பேன், என் சாவியை நீ கேளு" என்றாள்.

வீட்டில் கணவர் கதவைத் திறந்தார். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"திறந்தாச்சா?"

"ஆச்சு."

"அப்போ முடிஞ்சுது."

"இல்லீங்க. மறுபடியும் முதல்லேர்ந்து."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கேலி எதுவும் வரவில்லை. "அந்த நாற்காலி?"

"வேற யாராவது உட்காருவாங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்ற மறந்து அங்கேயே நின்றாள்.

அவர் இடுப்பைப் பிடித்தபடி குனிந்து, சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து நடுவில் போட்டார். வாளியில் வெந்நீரை ஊற்றி, விரலை விட்டுச் சூடு பார்த்தார்.

"இப்போதைக்கு இதுல உட்காரு" என்றார்.