அவர்கள் நேரில் பேசிய ஞாயிறு

என் அம்மாவும் அப்பாவும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள மாட்டார்கள். எல்லாம் என் மூலமாகத்தான். அம்மா முன்னறையில் தையல் மெஷினே கதியென்று இருப்பாள். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற அப்பா கை முழுக்க கிரீஸோடு வந்து சமையலறையில் உட்காருவார். நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நான் ஓடுவேன். மாடி வீட்டு அத்தை எனக்குத் 'தபால்காரி' என்றே பேர் வைத்திருந்தாள். ஒன்பது வயதில் அது பெருமையாக வேறு இருந்தது.

அப்போது பள்ளி நூலகத்தில் ஒரு நாவல் எடுத்தேன். என் வயதுப் பெண் ஒருத்தி, அவள் வீடு, அவ்வளவுதான் கதை. சாப்பிடுகிறார்கள், துணி மடிக்கிறார்கள், ஒருவரையொருவர் கேலி செய்கிறார்கள். எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. எங்கள் வீட்டிலும் அப்படிப் பேசிக்கொண்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தது.

"சாப்பாடு மூடி வெச்சிருக்கு. வேணும்னா போட்டுக்கச் சொல்லு" என்பாள் அம்மா. நான் அப்பாவிடம் போய், "களைச்சுப் போயிருப்பீங்களாம், முதல்ல சாப்பிடணுமாம்" என்பேன்.

"சட்டையில பட்டன் போச்சு. தைக்க முடியுமா முடியாதான்னு கேளு" என்பார் அப்பா. அம்மாவிடம் அது, "நீ தைச்சாதான் பட்டன் நிக்குதாம்" என்று போய்ச் சேரும். அம்மா மறுபேச்சில்லாமல் தைத்துக் கொடுத்தாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆசை யாரை விட்டது? ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போகலாம் என்று அம்மா சொன்னதாக அப்பாவிடமும், அப்பா சொன்னதாக அம்மாவிடமும் அளந்துவிட்டேன். அந்த ஞாயிறு சாயங்காலம் இரண்டு பேரும் நல்ல உடுப்பில் வாசலுக்கு வந்தார்கள்.

"நீதானே சொல்லி அனுப்பின?"

"நானா? நீங்கதானே?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காரு. இவளை நடுவுல வெச்சு இன்னும் எத்தனை நாள் ஓட்டறது? பேசி முடிச்சுக்கலாம்."

நேருக்கு நேர் பேசுகிறார்களே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குதிப்பு.

பிரிவதென்பது இரண்டு வார்த்தையில் முடிந்துபோனது. ஃப்ரிட்ஜுக்குத்தான் இழுபறி. அம்மாவும் விடவில்லை, அப்பாவும் விடவில்லை. கட்டில், மின்விசிறி, குக்கர் என்று ஒவ்வொன்றுக்கும் மல்லுக்கட்டினார்கள். நான் சுவரோரம் நின்று என் முறைக்குக் காத்திருந்தேன். எனக்காகவும் இதே மாதிரி சண்டை போடுவார்கள் என்று பயமாக இருந்தது.

"இவ உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார் அப்பா.

"இல்ல, உங்ககிட்டதான் ரொம்ப ஒட்டுதல். நீங்களே வெச்சுக்குங்க" என்றாள் அம்மா.

அதுவரை ஒரு கரண்டியைக்கூட விட்டுக்கொடுக்காதவர்கள், என்னை மட்டும் மாறி மாறி விட்டுக்கொடுத்தார்கள்.