சனிக்கிழமைக்கு மாற்று ஆள்

சந்திரவல்லி தன் வேலைச் சட்டையை மகளுக்கு மாட்டி, கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுவிட்டாள். அது புருசன் பாண்டித்துரையின் பழைய முழுக்கைச் சட்டை. ஏலக்காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் சேலைக்கு மேல் இப்படி ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். முத்துப்பிரியா அதைச் சுடிதாருக்கு மேல் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மாறுவேடப் போட்டிக்குப் போகிற மாதிரி இருந்திருக்கும்.

“சூப்பர்வைசர் வயசு கேட்டா என்ன சொல்லுவ?”

“பதினெட்டு.”

“அட்டை கடிச்சா பிச்சு இழுக்காத. உப்பத் தேய்ச்சா தானா விழுந்துரும்.”

“நீ மொதல்ல பஸ்சப் பிடிம்மா. லேட்டாப் போனா வாத்தியாரு வெளிய நிறுத்திருவாரு.”

அன்று சனிக்கிழமை. மகள் காட்டுக்கும் தாய் கல்லூரிக்கும் போனார்கள். அவர்கள் ஊரான சிலமலையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சந்திரவல்லிக்கும் அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் போடியில் பி.ஏ. தமிழ் முதல் வருஷம் படித்தவள். பெண் பார்க்க வந்த அன்று, ‘கல்யாணத்துக்கு அப்புறமும் படிக்கட்டும், நாங்க என்ன வேண்டாம்னா சொல்லப்போறோம்’ என்றார்கள். பந்திக்குப் போட்ட இலையோடு அந்தப் பேச்சையும் சுருட்டிப் போட்டாயிற்று. அப்புறம் பிரியா பிறந்தாள், அப்புறம் ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு, கேரளத்து மலை, காய் எடுப்பு, களை வெட்டு என்று வருஷங்கள் போயின. போடியிலேயே சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு நடத்தும் தொலைநிலைப் படிப்பு ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டபோது பிரியா பத்தாம் வகுப்பில் இருந்தாள். டிகிரி இருந்தால் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுத உட்காரலாம், பிரியாவை மலைப்பக்கமே விடாமல் படிக்க வைத்துவிடலாம் என்று வீட்டில் சொன்னாள். ஏலக்காய்க் குடோனில் மூட்டை தூக்கும் பாண்டித்துரை யோசித்துவிட்டு, “ஒனக்கு முடியும்னா படி” என்றான்.

அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் அதுவல்ல. அவளுக்கு ஒரு பெஞ்சில் உட்கார வேண்டும். மின்விசிறிக்குக் கீழே, காய்ந்த காலோடு, யாரோ ஒருவர் பேசப் பேசக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இதையெல்லாம் வெளியே சொன்னால் கிறுக்கு என்பார்கள். கல்லூரியில் தமிழ் ஐயா அவளை ‘நீங்க’ என்றுதான் சொல்வார். “சந்திரவல்லி, நீங்க என்ன நெனைக்கிறீங்க?” என்று ஒரு நாள் அவர் கேட்டார். அவள் என்ன நினைக்கிறாள் என்று அதுவரை யாரும் கேட்டதே இல்லை. கையில் பச்சைக்காய் எடுத்த கறை போகாமல் இருக்கும். அதைப் புத்தகத்துக்கு அடியில் மறைத்துக்கொண்டு சிரித்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பு கிடையாது. சிக்கல் சனிக்கிழமையில்தான் இருந்தது. அவர்கள் போகிற ஜீப்பில் ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிறவள் சுருளியம்மாள். அவள் வண்டியில் ஒவ்வொருத்திக்கும் ஓர் இடம் உண்டு. வர முடியாதவள் தன் வீட்டிலிருந்து ஒரு மாற்று ஆளை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அந்த இடத்துக்கு வேறொருத்தி வந்துவிடுவாள், வந்தவளை எழுப்ப முடியாது. இதைச் சுருளியம்மாள் ஒன்றும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் அந்த வண்டியில் இதற்கு மேல் சட்டம் கிடையாது. முதல் வருஷம் நாத்தனார் மாற்று ஆளாகப் போனாள். அவளுக்கு முழங்கால் வலி வந்ததும், “சனிக்கிழமைதானம்மா, நான் போறேன்” என்று பிரியாவே சொன்னாள். சந்திரவல்லி வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை சொல்லவில்லை.

பிரியாவுக்கும் ஆரம்பத்தில் அது பிடித்திருந்தது. சாயங்காலம் தலையெல்லாம் பறக்க வந்து இறங்குவாள். போடிமெட்டில் மேகம் வண்டிக்குள்ளேயே வந்தது என்பாள். சூப்பர்வைசர் சேட்டன் தன்னை ‘மிடுக்கி’ என்றார் என்பாள். அது என்ன என்று பாண்டித்துரை கேட்டால், “கெட்டிக்காரின்னு அர்த்தம்ப்பா, ஒனக்கு மலையாளம் தெரியாதா?” என்று அப்பாவையே கேலி செய்வாள். சுருளியம்மாளும் கடைவீதியில் பார்க்கும்போதெல்லாம், “ஒன்னையவிட ஒம்மக வெரசா எடுக்குறா வல்லி” என்பாள். தாய்க்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் அந்தப் பெருமைதான் அவளுக்குச் சகிக்கவில்லை.

பிரியா பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமையும் சிறப்பு வகுப்பு வைத்தார்கள். அவள் நர்சிங் படிக்க ஆசைப்பட்டவள். சனிக்கிழமை நடத்தியதைத் திங்கள்கிழமை தோழியிடம் கேட்டு எழுதிக்கொள்வதாகச் சொன்னாள். எழுதிக்கொண்டாள் என்றுதான் சந்திரவல்லி நம்பினாள். நம்புவது அவளுக்கு வசதியாக இருந்தது.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சந்திரவல்லி ஜீப்பிலிருந்து இறங்கி நடந்து வந்தபோது கைப்பேசி அடித்தது. கூடப் படிக்கிற தமிழ்செல்வி. ஐயாவுடைய மாமனார் இறந்துவிட்டார், நாளைக்கு வகுப்பு இல்லை என்றாள். சரி என்று வைத்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால், பிரியா அடுப்பில் சோற்றை வடித்துக்கொண்டே கேட்டாள்.

“நாளைக்கு ஒரு நாள் நீ ஜீப்புக்குப் போறியாம்மா? பிராக்டிகலுக்கு எல்லாத்தையும் ஒருக்கா செஞ்சு காட்டுறாங்களாம். கண்டிப்பா வரணும்னு மிஸ்சு சொல்லிருக்காங்க.”

போறேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அந்த வாரம் முழுக்க பனிக்குள் குனிந்து காய் எடுத்திருந்தாள். இடுப்புக்குக் கீழே எதுவும் அவள் சொல் கேட்கவில்லை. கொடியில் சனிக்கிழமைக்கென்று தேய்த்து மடித்த காட்டன் சேலை தொங்கியது.

“நாளைக்கு எனக்கும் முக்கியமான கிளாசுத்தா,” என்றாள்.

பிரியா கஞ்சியை வடித்து முடித்துவிட்டு, “சரிம்மா” என்றாள். எதிர்த்துப் பேசியிருந்தால், சண்டை போட்டிருந்தால், சந்திரவல்லி நிச்சயமாக உண்மையைச் சொல்லியிருப்பாள். அப்படித்தான் அவள் பிற்பாடு தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் மகளை ஏற்றிவிட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். போடியில் இறங்கியதும் எங்கே போவது என்று தெரியவில்லை. ஒரு டீ குடித்தாள். கால் பழகின வழியில் கல்லூரிக்கே போனாள். வாட்ச்மேன், “இன்னைக்கு லீவாச்சேம்மா” என்றார். “கொஞ்சம் படிக்க வேண்டியிருக்குண்ணே” என்றதும் விட்டுவிட்டார். வகுப்பு திறந்து கிடந்தது. மின்விசிறியைப் போட்டு, தன் பெஞ்சில் உட்கார்ந்து, புத்தகத்தை விரித்து, அதன் மேல் தலையைச் சாய்த்தாள். கண் விழித்தபோது வெயில் சன்னலை விட்டுப் போயிருந்தது. கன்னத்தில் பக்கத்தின் ஓரம் பதிந்திருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படி ஒரு தூக்கம் அவள் தூங்கியதில்லை. எழுந்ததும் முதலில் வந்தது சந்தோஷம். குற்ற உணர்ச்சி பஸ்ஸில் வரும்போதுதான் வந்தது. அன்று சாயங்காலம் பிரியா வழக்கம்போல வந்து கைகால் கழுவினாள், மேகத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மே மாதம் ரிசல்ட் வந்தது. பிரியா பாஸ்தான். ஆனால் நர்சிங்கைப் பற்றிப் பேச முடியாத மார்க். அந்த ஒரு சனிக்கிழமையால்தான் போயிற்று என்று யாரும் சொல்ல முடியாது. பல சனிக்கிழமைகள் இருந்தன. தாய்க்கோ அந்த ஒன்றுதான் தொண்டையில் நின்றது. கலைக்கல்லூரிக்கு விண்ணப்பம் போட வைத்தாள், பொருளாதாரத்தில் இடம் கிடைக்கும் என்றார்கள். பள்ளிக்கூடம் முடிந்ததிலிருந்து பிரியா தினமும் மலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். “ஒனக்குக் கடைசி வருஷப் பரீட்சைல்ல, நீ படி” என்று அவள்தான் சொன்னாள். பரீட்சையும் முடிந்தது. கல்லூரியில் சேர்க்கைக்குக் கூப்பிட்டிருந்த நாளுக்கு முந்தின சாயங்காலம், வரவில்லை என்றாள்.

“ஏன் தாயி?”

“கிளாசுல என்னைய ஒருத்தரும் பேரச் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லம்மா. மலையில நான் வரலேன்னா தேடுறாங்க.”

“அங்க ஒனக்கு என்ன கெடைக்கும்னு எனக்குத் தெரியாதா? இடுப்பு வலிதான் கெடைக்கும்.”

“நீதான் படிச்சிட்டேல்ல. வீட்டுக்கு ஒருத்தர் படிச்சாப் போதாதா?”

குத்துவதற்காகச் சொல்லவில்லை, கணக்கை நேர் செய்கிற மாதிரிச் சொன்னாள். சந்திரவல்லியால் அதைத் தாங்க முடியவில்லை. யாருக்காகப் படிப்பதாகச் சொன்னாளோ, அவளுடைய படிப்பைத் தின்றுதான் தான் படித்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது.

விடிவதற்கு முன்பே எழுந்து, மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஜீப்பு வந்து நின்றிருந்தது. ஏறித் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள்.

“என்னடி வல்லி, பிரியா வரலையா?” என்றாள் சுருளியம்மாள்.

“இனிமே நாந்தான் வருவேன் மதினி. அவ காலேஜுக்குப் போறா.”

“அவ எடத்துல நீ மாத்து ஆளா வந்துருக்கன்னு நெனச்சேன்.”

வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சந்திரவல்லி சிரிக்கவில்லை. அதற்குள் பிரியா ஈரத்தலையோடு ஓடி வந்து வண்டிக்குக் கீழே நின்றாள்.

“எறங்கும்மா.”

“இது என் எடம். நீ வீட்டுக்குப் போயி வேற உடுப்பு உடுத்து. ஒங்கப்பா கூட்டிட்டுப் போவாரு. பத்து மணிக்கெல்லாம் கூப்பிட்டுருவாங்க.”

பிரியா கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள். “கிளாசு இல்லாத அன்னைக்கு எங்கம்மா போன?”

சுருளியம்மாள் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அன்னைக்குக் காலையில சுருளி அத்தைதான் வண்டியில சொன்னாங்க. ஒங்க வாத்தியாரு மாமனாரு அத்தையோட பெறந்த ஊருக்காரராம். செத்துட்டாரு, ஒங்கம்மாவுக்கு இன்னைக்கு லீவாத்தான் இருக்கும்னாங்க. நான் கோவத்துல கேக்கல. சும்மாத்தான் கேக்குறேன். எங்க போன?”

“காலேஜுக்குத்தான்.”

“போயி?”

“தூங்குனேன்.”

பிரியா முகத்தில் ஒட்டிய ஈரமுடியை ஒதுக்கிக்கொண்டாள். “நல்லாத் தூங்குனியா?”

சந்திரவல்லி தலையை மட்டும் ஆட்டினாள். அழுகை வந்தது. இத்தனை பேருக்கு நடுவில் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். டிரைவர் ஹாரன் அடித்தான்.

“ஒருத்தி எறங்குங்க, இல்ல ரெண்டு பேரும் வாங்க,” என்றாள் சுருளியம்மாள், யாரையும் பார்க்காமல். “சோலி கெடக்கு.”

பிரியா ஏறினாள். உட்கார இடமில்லை. ஆள் அதிகமான நாட்களில் ஒருத்தி மடியில் இன்னொருத்தி உட்கார்வது அந்த ஜீப்பில் வழக்கம்தான். அவள் அம்மாவின் மடியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாளே தவிர, இரண்டு காலையும் வண்டித் தரையில் அழுத்தி ஊன்றி, முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் கனம் அம்மா மேல் இறங்காதபடி பார்த்துக்கொண்டாள். அவள் தொடைகள் நடுங்குவது சந்திரவல்லிக்குத் தெரிந்தது.

போடிக்குள் வந்ததும் கல்லூரிக்குத் திரும்பும் ரோட்டு முக்கில், “தம்பி, இங்கன ஒரு நிமிசம் நிறுத்துங்க” என்று சந்திரவல்லி டிரைவரிடம் சொன்னாள். வண்டி நின்றது. ஒரு டீக்கடையில் அப்போதுதான் பால் காய்ந்துகொண்டிருந்தது.

“எறங்கு தாயி. அப்பாவுக்குப் போன் போடுறேன், இங்கனயே வந்துருவாரு.”

பிரியா கம்பியை விடவில்லை. மடியிலிருந்து கொஞ்சம் எழும்பினாள். எழுந்துவிட்டாள் என்றுதான் தாய் நினைத்தாள். ஆனால் அவள் அப்படியே, எழாமலும் உட்காராமலும், அந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்திரவல்லிக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. தப்புப் பண்ணிட்டேன்த்தா என்று சொல்ல வேண்டும், என் பட்டத்தை எடுத்துக்கிட்டு அந்தச் சனிக்கிழமைய ஒனக்குத் திருப்பிக் குடுப்பாங்களா என்று கேட்க வேண்டும். பின்னால் ஒரு லோடு லாரி ஹாரன் அடித்தது. டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டு, யாரும் இறங்காததால் கியரைப் போட்டான்.

மலையடியில் முந்தல் செக்போஸ்ட் தாண்டியது. முதல் கொண்டைஊசி வளைவில் வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தபோது சந்திரவல்லி இரண்டு கையாலும் மகளின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கீழே போடி தெரிந்தது. வளைவு முடிந்து வண்டி நேரானதும், பிரியா முன்கம்பியிலிருந்து கையை எடுத்தாள். ஊன்றியிருந்த கால்களை மெல்லத் தளர்த்தினாள். அவளுடைய கனம் முழுவதும் அம்மாவின் மடியில் இறங்கியது.