மூன்றாவது ரங்கா

காலண்டரில் சுபமுகூர்த்தம் என்று போட்டிருந்தால் ஊருக்குத்தான் அது நல்ல நாள். எங்களுக்கு இடுப்பு ஒடிகிற நாள்.

அன்றைக்கு ரோகிணி. விடிகாலை ஐந்து மணிக்கே தியேட்டர் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எட்டரைக்குள் ஆறு சிசேரியன். பிள்ளை எந்த லக்னத்தில் பிறக்க வேண்டும் என்று ஜோசியர் எழுதிக் கொடுப்பார். எத்தனை மணிக்கு வயிற்றைத் திறப்பது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுப்பார். திறந்து தைத்த உடம்பைத் தூக்கிக் கட்டிலில் போடுவது நாங்கள். மன்னார்புரத்தில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி நிற்கும் இந்த மூன்று மாடி நர்சிங் ஹோமில் நான் பதினோரு வருஷமாக ஆயா. பெயர் விஜயராணி.

முதல் கேஸ் ஸ்ரீரங்கத்துக்காரர்கள். மாமியார் அம்மாள் தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு, "ரோகிணி திருநட்சத்திரம். ஆறு பத்தைத் தாண்டினா லக்னம் மாறிடும், டாக்டர் கிட்ட சொல்லிடுங்கோ" என்று போகிற வருகிற நர்ஸையெல்லாம் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு ஐந்துக்குக் குழந்தை அழுதது. அந்த அம்மாள் கைகூப்பினார். நானும் என்னோடு ஆயாவாக இருக்கும் பானுப்ரியாவும் டிராலியைத் தள்ளிக்கொண்டு வார்டுக்கு வந்தோம்.

முதுகில் ஊசி போட்டவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்காது. தன் காலைத் தானே நகர்த்த முடியாது. ஐம்பது கிலோ உடம்பு அப்போது எண்பது கிலோ கனக்கும். விரிப்போடு சேர்த்துத்தான் தூக்க வேண்டும். மூலைக்கு ஒருத்தியாக நான்கு பேர் நிற்போம். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணமாட்டோம். அப்படி எண்ணினால் ஒருத்தி மூணில் தூக்குவாள், இன்னொருத்தி மூணு முடிந்த பிறகு தூக்குவாள். அதனால் யாரோ பழைய ஆயா பழக்கிவிட்டது: "ரங்கா... ரங்கா... ரங்கா!" மூன்றாவது ரங்காவில் நான்கு மூலையும் ஒன்றாக எழும்பும். வஹீதாவும் பேட்ரிசியாவும்கூட ரங்காதான். "எந்தச் சாமி தூக்கினா என்னடி, டியூப் கழலாம இருந்தா சரி" என்பாள் பேட்ரிசியா.

அதெல்லாம் ஆடி மாதம் வரைக்கும். ஆடியில் கான்ட்ராக்டர் இருபத்திரண்டு பேரைப் பதினாலு பேராக்கினார். ஆயாக்கள்தான் குறைந்தோம், கேஸ் குறையவில்லை. இப்போது விரிப்புக்கு இரண்டே பேர். தலைப்பக்கம் ஒருத்தி, கால்பக்கம் ஒருத்தி.

பானு தலைப்பக்கம் நின்றாள். பானுவுக்கு ஏழு மாதம்.

"நீ கால்பக்கம் வாடி" என்றேன்.

"கால்பக்கம் குனியணும்க்கா. குனிஞ்சா இன்னும் இழுக்குது. நீங்க சொல்லுங்க."

நான் சொன்னேன். மூன்றாவது ரங்காவில் இரண்டு பேரும் தூக்கினோம். கட்டிலில் பத்திரமாக வைத்தாகிவிட்டது. ஆனால் பானு நிமிரவில்லை. ஒரு கை கட்டில் கம்பியில், ஒரு கை அடிவயிற்றில். முகம் வெளுத்துப் போயிருந்தது.

தாயைக் கட்டிலில் போட்டதும் கூட இருப்பவரிடம் ஒரு பிங்க் சீட்டைக் கொடுத்துப் படித்துக் காட்ட வேண்டும். அதுவும் எங்கள் வேலைதான். பானு மெதுவாக நிமிர்ந்து, மாமியார் அம்மாளிடம் படித்தாள். "மூன்று மாதத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது. அடுத்த குழந்தைக்கு இரண்டு வருடமாவது இடைவெளி வேண்டும். அடுத்த கர்ப்பத்தில் பழைய தையலில் வலி வந்தால் தாமதிக்காமல்..."

அங்கே அவள் குரல் நின்றுவிட்டது. மீதியை நான் படித்தேன்.

துணி வெளுக்கும் அறைக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன். மருந்து நெடியும் ரத்தக்கவிச்சியும் அடிக்கும் அந்த அறையில்தான் எங்களுக்கு மூச்சுவிட இடம்.

"எத்தனை நாளா வலிக்குது?"

"நாலு நாளா. தூக்கும்போது மட்டுந்தான்க்கா. பிள்ளை அசையுது."

"ஏன்டி சொல்லல?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "எப்படிக்கா சொல்றது? எனக்கு ஆபரேஷனே ஆகலையே."



பானு ஜீயபுரத்துப் பெண். புருஷன் அஜித் வாழைத்தார் வெட்டி லாரியில் ஏற்றுகிறவன். மூத்தது யாழினிக்கு மூன்று வயது, சிசேரியனில் பிறந்தவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே வேலை கேட்டு வந்தபோது விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது நான். 'அறுவை சிகிச்சை ஏதேனும் செய்துகொண்டவரா?' என்று அதில் ஒரு கேள்வி இருக்கும். உண்டு என்று எழுதியவளை கான்ட்ராக்டர் கேட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார். பிரசவ ஆஸ்பத்திரிதான், ஆனால் வயிற்றைக் கிழித்துப் பிள்ளை பெற்றவளுக்கு உள்ளே வேலை கிடையாது. அதனால் 'இல்லை' என்று எழுதினேன். என் கையெழுத்து கொஞ்சம் நன்றாக இருக்கும் என்று லீவு லெட்டருக்கெல்லாம் என்னிடம்தான் வருவார்கள். பெருமையாகத்தான் எழுதினேன், பாழாய்ப்போன கை.

"பெரியாஸ்பத்திரி டாக்டர் என்ன சொன்னாங்க?"

"இடைவெளி சரியா இருக்காம். தலை இறங்கிட்டா நார்மலுக்குப் பார்க்கலாம்னாங்க. ஆனா கனம் தூக்கக் கூடாது, தையல் வலிச்சா ஓடி வந்துடணும்னாங்க." அவள் கண் நிறைந்தது. "யாழினி பொறந்தப்ப எட்டு நாள் நான் அவளைத் தூக்கவே இல்லக்கா. யார் யாரோ தூக்கினாங்க. நான் மல்லாந்து கிடந்து பார்த்தேன். இதையாவது நானே பெத்து, நானே அள்ளி எடுக்கணும்க்கா. அவ்வளவுதான் ஆசை."

வேலையை விட்டால் பிரசவ லீவும் அந்த லீவுச் சம்பளமும் போய்விடும். விடாவிட்டால் தூக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் பொய் சொன்னவள் ஆவாள். எந்தக் கதவைத் திறந்தாலும் சுவர். அந்தச் சுவரில் ஒரு செங்கல் நான் வைத்தது.

"வா, கேட்டுப் பார்ப்போம்" என்றேன்.

மீதி ஐந்து கேஸையும் வேறு ஆளை வைத்துத் தூக்கிவிட்டு, எட்டரைக்கு மேல் கீழே போனோம். கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் கலையரசன் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருப்பான். முப்பது வயதிருக்கும். என் வயதுக்காரிகளையும் நீ என்றுதான் பேசுவான். பானுவுக்கு மூன்று மாதம் தூக்காத வேலை கொடுங்கள், டோக்கன் கொடுக்கட்டும், துணி மடிக்கட்டும் என்றேன். காரணம் கேட்டான். பானுவே சொல்லிவிட்டாள்.

அவன் பீரோவைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்தான். "இதுல என்ன எழுதியிருக்கு? படி."

அவனே விரல் வைத்துப் படித்தான்.

"இல்லைன்னு எழுதியிருக்கு. அப்ப யாரு பொய் சொல்றது, பேப்பரா நீயா? பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்திருக்கே. போலீசுக்கே போகலாம், தெரியுமா?"

அந்த நேரத்தில் டாக்டரம்மா ரவுண்ட்ஸ் முடித்து உள்ளே வந்தார். ஆஸ்பத்திரி அவருடையது. விஷயத்தைக் கேட்டதும் முதலில் டாக்டராகத்தான் நடந்துகொண்டார், அதை மறைக்கமாட்டேன். பானுவை நாற்காலியில் உட்கார வைத்து, தையல் மேல் மெதுவாக அழுத்தி, "இங்க வலிக்குதா? குழந்தை அசைவு தெரியுதா? ரத்தம் பட்டுச்சா?" என்று கேட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு முதலாளி ஆகிவிட்டார்.

"இது கான்ட்ராக்ட் விஷயம் விஜயராணி. நான் தலையிட முடியாது. ஆனா நம்ம கிட்டயே பொய் சொல்லியிருக்காளே."

"நாலு பேர் தூக்கினதை ரெண்டு பேராக்கினது யாருங்க?" என்றேன்.

"செலவு எவ்வளவு ஏறிப்போச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. சேலைக்கு மேல் போடும் யூனிஃபார்ம் சட்டைப் பையில் எப்போதும் நான்கைந்து பிங்க் சீட்டு இருக்கும். ஒன்றை எடுத்து மேஜையில் விரித்து வைத்தேன். "இது நீங்க எழுதினதுதானே டாக்டரம்மா? தினம் எங்க வாயால படிக்கச் சொல்றீங்க. எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. இதுல ஆயாவுக்குப் பொருந்தாதுன்னு எந்த வரில போட்டிருக்கு?"

"அது பேஷண்டுக்கு."

"இவளுக்கும் அதே வயிறு, அதே தையல்தானுங்களே."

டாக்டரம்மா சீட்டை என் பக்கம் தள்ளினார். கலையரசன் சொன்னான். "அஞ்சு மணிக்குள்ள சொந்த விருப்பத்துல நின்னுக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போகட்டும். இல்லேன்னா நாளைக்கு மிருகசீரிஷம், ஒம்பது கேஸ் புக்கிங். வந்து தூக்கட்டும்."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும், அந்த 'இல்லை'யை எழுதியது நான் என்று. சொல்லாமல் பிங்க் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். எனக்கும் வீடு இருக்கிறது, காலேஜில் படிக்கிற மகன் இருக்கிறான். பானுவும் என் பெயரைச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

மத்தியானம் துணி அறையில் எல்லோரும் டப்பாவைத் திறந்தார்கள். நான் திறக்கவில்லை.

"பானு ஃபார்ம்ல இல்லைன்னு எழுதினது நான்தான்" என்றேன். "கலையரசன் கிட்ட சொல்லாம வாயை மூடிக்கிட்டு வந்துட்டேன். காறித் துப்புறதுன்னா துப்புங்க."

யாரும் துப்பவில்லை. பேட்ரிசியா ரசம் சாதத்தைப் பிசைந்தபடியே சொன்னாள். "உன் கை மட்டுமா எழுதிச்சு? எனக்கு ரெண்டும் ஆபரேஷன்தான். நானும் இல்லைன்னுதான் எழுதினேன்."

"எனக்கு மூணு" என்றாள் வஹீதா. "மூணாவதுக்கு அப்புறம் நாப்பதாம் நாள் இங்க வந்து தூக்க ஆரம்பிச்சேன். இன்னிக்கும் மழை பெய்தா தையல் கடுக்குது. யார் கிட்ட சொல்ல? அதுதான் இல்லைன்னு எழுதியாச்சே."

பெலிண்டா ஒன்று என்றாள். நசீரா இரண்டு என்றாள். ஒருத்தி ஒருத்தியாகச் சொல்லச் சொல்ல நான் விரல்விட்டு எண்ணினேன். மகனை ஆபரேஷனில் பெற்ற என்னையும் பானுவையும் சேர்த்துப் பதினாலு பேரில் பதினோரு பேர். இத்தனை வருஷம் ஒன்றாகத் தூக்கியிருக்கிறோம், ஒருத்தி வயிற்றில் தழும்பு இருப்பது அடுத்தவளுக்குத் தெரியாது. ஒரே பொய்யை ஆளுக்கு ஒரு மூலையில் ஒளித்து வைத்திருந்தோம்.

"அப்ப எல்லாரும் உண்மையை எழுதிக் குடுத்துடுவோம்" என்றேன்.

பெலிண்டா தலையை ஆட்டினாள். "நல்லா இருக்கே! பதினோரு பேரையும் ஒரே கையெழுத்துல அனுப்பிடுவான். எம் புருஷன் படுத்த படுக்கையா இருக்கான்க்கா. நான் போனா சோறு இல்ல."

அவள் சொன்னதில் தப்பில்லை. 

"இன்னிக்கு அவ, பங்குனியில யாரோ" என்றாள் வஹீதா. "பதினோரு பேரை அனுப்பிட்டு நாளைக்கு ஒம்பது கேஸை யாரு தூக்குவா? கலையரசனா?"

அவன் சேலைத்தலைப்பைச் செருகிக்கொண்டு ரங்கா சொல்வதை நினைத்துப் பார்த்து நசீரா சிரித்துவிட்டாள். சிரிப்பு பெலிண்டாவுக்கும் தொற்றியது. பானு மட்டும் சிரிக்கவில்லை. "எனக்காக வேணாம்க்கா. நான் எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்."

"உனக்காகன்னு யாருடி சொன்னா?" என்றாள் வஹீதா. "என் தையலுக்காக."

மாரியாயி எங்களில் மூத்தவள். பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கை கழுவிவிட்டு வந்து கேட்டாள். "எனக்கு நாலும் தானா பொறந்தது. ஆபரேஷனே கிடையாது. நான் எங்க கையெழுத்துப் போடறது?"

"உனக்கு எதுக்கு? நீ பொய்யே எழுதலையே" என்றாள் பேட்ரிசியா.

"ரெண்டு பேரா தூக்கித் தூக்கி என் இடுப்பும்தான் போச்சு. எனக்கும் ஒரு இடம் விடு."

டூட்டி பேப்பரின் பின்பக்கத்தில் நான் எழுதினேன். அன்று இல்லை என்று எழுதிய அதே கை. 'கீழே பெயருக்கு எதிரே எண் போட்ட எங்களுக்கு அறுவை சிகிச்சை உண்டு. வேலை கிடைக்காது என்று பயந்து மறைத்தோம். பானுப்ரியாவின் படிவத்தை நிரப்பியது விஜயராணி. இனி நான்கு பேர் இல்லாமல் விரிப்பைத் தொடமாட்டோம். கர்ப்பிணி தூக்கமாட்டாள். தாய்மாரைப் பாதியில் விட்டுப் போகவும் மாட்டோம்.' பெயருக்கு எதிரே எத்தனை ஆபரேஷன் என்று ஒன்று, இரண்டு, மூன்று போட்டோம். பெலிண்டா பேனாவை வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு போட்டாள். ஆபரேஷன் இல்லாத மாரியாயியும் இன்னும் இரண்டு பேரும் எண் இல்லாமல் கடைசியில் கையெழுத்துப் போட்டார்கள்.

ஐந்து மணிக்குப் பதினாலு பேரும் கீழே போனோம். கலையரசன் ராஜினாமாக் கடிதம் என்று நினைத்துக் கையை நீட்டினான். படித்ததும் முகம் சிவந்தது.

"எல்லாரையும் தூக்கிடுவேன்!"

"நாலு பேரா தூக்குங்க சார், இடுப்பு பிடிச்சுக்கும்" என்றாள் மாரியாயி.

அவன் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். வாங்கிக்கொண்டேன் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "மேல பேசிட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் இவளுக்கு வேலை இருக்குன்னு நினைச்சுக்காதீங்க" என்றான். பானு எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. நேரே பெரியாஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேன் பார்த்தார்கள். தையல் தாங்குகிறது, ஆனால் இனி ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை அவள் ரவிக்கைக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிகாலை அவளும் வந்தாள். "வீட்டிலேயே இருந்தா நானே நின்னுட்டேன்னு எழுதிக்குவான்க்கா" என்றாள்.

முதல் டிராலி வார்டுக்கு வந்தது. மேலே ஒரு சின்னப் பெண், பயந்த கண். கலையரசன் வாசலில் நின்று போனில் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். டாக்டரம்மா தியேட்டர் கதவைப் பாதி திறந்து பார்த்தபடி நின்றார். நான் தலைப்பக்கம் ஒரு மூலை, வஹீதா ஒரு மூலை. பேட்ரிசியா கால்பக்கம். நாலாவது மூலை காலியாக இருந்தது. பானு அதைப் பார்த்து ஒரு அடி முன்னால் வைத்தாள்.

"தொடாதேடி" என்றேன்.

இரண்டாவது மாடிப் படியில் தடதடவென்று சத்தம். பெலிண்டா ஓடி வந்தாள். கையில் இன்னும் மாப் ஈரம்.

"பெலிண்டா, உன் ஃப்ளோர் இது இல்ல!" என்று கத்தினான் கலையரசன்.

"தெரியும் சார்" என்றாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நாலாவது மூலையைப் பிடித்தாள். கலையரசன் போனை அவள் முகத்துக்கு நேரே திருப்பினான். அவள் விடவில்லை.

யார் சொல்வது என்று ஒருவரை ஒருவர் பார்த்தோம். கட்டில் ஓரமாக, ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு நின்ற பானு குனிந்து அந்தப் பெண்ணிடம், "பயப்படாதீங்க, நாலு பேர் இருக்காங்க" என்றாள். பிறகு நிமிர்ந்து, வார்டு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"ரங்கா... ரங்கா..."

மூன்றாவது ரங்காவில் நான்கு மூலையும் ஒன்றாக எழும்பின.