ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம்

கனடாவில் இருக்கும் மகள் அன்ரனிட்டா, எனக்கும் மனிசி மேரிறோஸுக்கும் விமான ரிக்கற் போட்டிருந்தாள். சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்து இரண்டாம் வருசம் அது. ஊர்காவற்றுறையில் நிசாந்தன் நடத்தும் கொமினிகேசன் கடையின் பக்ஸ் மெசினில் அவள் அனுப்பிய ஒரு படம் வந்தது. விமானக் கதிரைகளெல்லாம் கட்டம் கட்டமாக. பதினாலு மணித்தியாலம் இருக்கவேண்டுமாம், வசதியான இரண்டைப் பார்த்து வைக்கட்டாம், நாலு மணிக்குக் கடைப் போனுக்கு எடுப்பாளாம்.

எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. கடலுக்குப் போய் மீன் பிடிக்கிறவன், வள்ளமென்றால் தெரியும். முன்னுக்கு இருந்தால் தூக்கிக் குத்தும், பின்னுக்கு எஞ்சின் இரையும். இதில் எஞ்சின் செட்டையில் இருக்காம். எது முன், எது பின் என்றே பிடிபடவில்லை. நிசாந்தனைக் கேட்டால் அவன் படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து யோசித்தான். அவனும் விமானத்தை அண்ணாந்து மட்டும் பார்த்தவன்தானே.

பிறகுதான் கதிரைகளுக்கு இடையில் ஓடும் பாதை கண்ணில் பட்டது. எங்கள் மாதா கோயில் மாதிரித்தான். ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். ஆனால் பாதை இரண்டு இருந்தது. நடுவில் இருப்பது சிஸ்டர்மாருக்கும் பாட்டுக்காரருக்குமாக்கும் என்று விட்டுவிட்டேன். மேரிறோஸ் என்னோடு வந்தால் அந்நிய ஆம்பிளைகளோடு இருக்கவேண்டி வரும். நான் அவளோடு போனால் பெண்கள் என்ன நினைப்பார்கள்? அந்தக் கரை யன்னலில் அவளுக்கும் இந்தக் கரை யன்னலில் எனக்கும் புள்ளடி போட்டேன். பக்கத்து வாங்கில் இருந்த மேரிறோஸ் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு நம்பர்களைச் சொன்னதும் அன்ரனிட்டா, அப்பாவும் அம்மாவும் சண்டையோ என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோயிலில் எப்படி இருக்கிறோம் என்று உனக்குத் தெரியாதா என்று சத்தம் போட்டேன். அவளுக்கு நான் சொன்னது விளங்கவில்லை, எனக்கு அவள் சிரித்தது விளங்கவில்லை.

மேரிறோஸ் எழும்பி வந்து என் கையைப் பிடித்தாள். கடையில், நாலு பேர் பார்க்க.

"கோயில்ல எனக்குப் பயமில்லை," என்றாள். "இதில பயமாக் கிடக்கு. எனக்குப் பக்கத்தில இருங்கோ."

முப்பத்தெட்டு வருசத்தில் பயம் என்று அவள் சொல்லி நான் கேட்டதேயில்லை. கொந்தளிப்பில் நான் கரை திரும்பாத நாட்களில் இவள் ஆருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்? ரிசீவரைத் திரும்பக் காதில் வைத்தேன்.

"ரெண்டையும் ஒண்டாப் போடு பிள்ளை," என்றேன். "எந்தப் பக்கமெண்டாலும் பரவாயில்லை."