என் முன்னிலையில் கையொப்பமிட்டார்

1991 தை மாதம் பதினெட்டாம் தேதி காலை பதினோரு மணியிலிருந்து, வடக்குப்பட்டு நாகப்பனின் மகள் ரத்னாவால் அப்பா வீட்டு வாசற்படியைத் தாண்ட முடியவில்லை. காலைத் தூக்கி வெளியே வைத்தால் அது கூடத்திலேயே வந்து ஊன்றியது. கொல்லைப்புற வாசலிலும் அப்படித்தான். ஊரில் அன்றைக்கு நெல் அறுப்பு, அதனால் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் குறைவு.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. நாகப்பன் நிலத்தில் கம்பெனி வருவதாக இருந்தது. நிலம் கொடுத்த வீட்டில் ஒருவருக்கு வேலை உண்டு, ஆனால் அவர் ஊரிலேயே குடியிருக்க வேண்டும். ரத்னாவோ படப்பையில் புருஷன் சுபாஷோடும் ஒன்றரை வயது மகள் காவேரியோடும் இருந்தாள். தாலுகா ஆபீஸ் வாசலில் டைப் அடிக்கும் சுபாஷ், 'தகப்பனார் வீட்டில் நிரந்தரமாக வசித்து வருகிறேன், இது சத்தியம்' என்று மனைவி பெயரில் பிரமாணப் பத்திரம் அடித்தான். முந்தின நாள் குழந்தையைப் படப்பையில் விட்டுவிட்டு அப்பாவைப் பார்க்க வந்த ரத்னா அதில் கையெழுத்துப் போட்டு சுபாஷிடமே கொடுத்தனுப்பினாள். நோட்டரி வக்கீல் பெரியநாயகம் அவள் முகத்தையே பார்க்காமல், 'என் முன்னிலையில் கையொப்பமிட்டார்' என்று முத்திரை குத்தினார். அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். ஆள் எதற்கு, தாள் வந்தால் போதாதா?

எழுதியபடியே நடந்தது. முத்திரையின் மை காய்வதற்குள் பெரியநாயகம் கறுப்புக் கோட்டோடும் முத்திரைப் பெட்டியோடும் ரத்னாவின் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "இன்னாம்மா, இது யார் வூடு?" என்றார். அவளைப் பிரிந்து அவராலும் போக முடியவில்லை.

சொன்னது பொய் என்று இன்னொரு பத்திரம் கொடுத்தால் விடுதலை. ரத்னா அன்றைக்கே எழுதிவிட்டாள். வேலை வேண்டாம், பிள்ளையோடு இருந்தால் போதும் அவளுக்கு. விஷயம் தெரிந்து வேறு நோட்டரி எவரும் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. பெரியநாயகம் முத்திரை குத்த மறுத்தார். "குத்துனா என் லைசென்ஸ் பூடும்மா. ரெண்டு பேரும் உள்ள போவணும்."

"இப்ப மட்டும் வெளியிலயா கீறோம்?" என்றாள் ரத்னா.

அப்போதும் அவர் குத்தவில்லை. ஞாயிறுதோறும் சுபாஷ் குழந்தையைக் கொண்டுவந்து காட்டினான்; அதுவும் உள்ளே மாட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தில் ராத்தங்க மட்டும் விடவில்லை. சாயங்காலம் காவேரி கைநீட்டி அழுதபடி போவாள், ரத்னா படிக்கு இந்தப் பக்கம் நின்று அழுவாள். ஏழு மாதம் இப்படியே போனது.

ஆவணியில் சுபாஷ் காவேரியை முன்னால் உட்காரவைத்து, டைப்ரைட்டரைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தான். 'மேற்படி வீட்டில் என் மனைவியோடு நிரந்தரமாக வசிக்கிறேன்' என்று அடித்தான். மூன்று முறை வாய்விட்டுப் படித்தான்.

"யோவ், தெரிஞ்சிதான் போடுறியா?" என்றார் பெரியநாயகம்.

"இப்பதான் சார் தெரிஞ்சி போடுறேன்."

அவர் கண்முன்னே கையெழுத்து விழுந்தது. முத்திரையும் விழுந்தது. சைக்கிள் வெளியிலேயே துருப்பிடித்தது.

பிறகு வயல்களெல்லாம் கம்பெனிகளாயின. வல்லத்திலிருந்தும் சேரப்பணஞ்சேரியிலிருந்தும் பத்திரம் வேண்டியவர்கள் அந்தக் கூடத்துக்குத்தான் வந்தார்கள். சுபாஷ் அடித்தான், ரத்னா உரக்கப் படித்துக் காட்டினாள், பெரியநாயகம் ஆளை நன்றாகப் பார்த்துக் குத்தினார். அங்கே வந்து பொய் எழுதச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

தன் பத்திரத்தில் சுபாஷ் மகளின் பெயரை மட்டும் சேர்க்கவில்லை. அதனால் காவேரி, முதலில் பள்ளிக்கூடத்துக்கும் பிறகு கம்பெனி ஷிப்டுக்கும், தினமும் வாசற்படியைத் தாண்டிப் போய்விட்டுச் சாயங்காலம் வீடு திரும்பினாள்.