சமாளிச்சுக்கிறோம்

"பழைய பனியனே போதும். வெள்ளைச் சட்டையைப் போட்டா போன வருஷம் மாதிரியே ஆயிடும்" என்றாள் நோலீன்.

"வீட்டுக்கு ஆள் வர்றப்ப பனியனோட நிக்கவா? நான் என்ன பிச்சையா கேக்கறேன்?" என்றார் அவள் புருஷன் மெர்வ்.

அரசாங்க உதவி பிச்சை இல்லை, இத்தனை காலம் கட்டிய வரி என்று அவளும் சொல்லி அலுத்துவிட்டாள். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் ரயிலை ஓட்டிய மனுஷன், கையேந்திப் பழக்கமில்லை. இன்னிஸ்ஃபெய்லில் யாருக்குத்தான் இருக்கிறது? வெள்ளம் புகுந்து கட்டிலுக்கடியில் தவளை கத்தினாலும் "ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்கிற ஊர்.

போன வருஷம் நடந்த கூத்தும் அதுதான். யாருக்கு எவ்வளவு உதவி தேவை என்று வீடு வீடாகப் பார்த்து எழுதுகிற அரசாங்கப் பெண் ட்ரூடி வந்தாள். மெர்வ் நடுங்குகிற கையைப் பாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் "சமாளிச்சுக்கிறோம்" என்றார். நோலீனும் லேசுப்பட்டவளா? தரையைப் பளபளவென்று துடைத்து, டீயோடு தின்ன ஸ்கோன் ரொட்டி சுட்டு வைத்தாள். உதவி தேவையில்லை என்று முடிவு வந்தது. வராமல் என்ன செய்யும்?

அவருக்கு வந்திருக்கிற பார்க்கின்சன் நடுக்க நோய் மானம் மரியாதை பார்க்காது, வருஷத்துக்கு வருஷம் ஏறும். இப்போதே பெயர் பதிந்தால்தான் படுக்கையில் விழும் காலத்தில் அரசாங்கம் செலவில் பங்கெடுக்கும். இல்லாவிட்டால் நர்ஸ் வைக்க வீட்டை விற்க வேண்டியதுதான். அப்புறம் அவர் ஒரு முதியோர் விடுதியில், அவள் பிரிஸ்பேனில் மகள் வீட்டில். அவர் குறட்டை இல்லாத ஒரு வீட்டில் நோலீனுக்குத் தூக்கம் வருமா?

கடைசியில் வெள்ளைச் சட்டைதான் ஜெயித்தது. பொத்தான் போட்டுவிட்டவள் நோலீன்.

"சட்டையெல்லாம் நீங்களே போட்டுக்கறீங்களா, மெர்வ்?" என்று கேட்டாள், இந்த வருஷமும் வந்து உட்கார்ந்த ட்ரூடி.

"பின்ன? பக்கத்து வீட்டுக்காரனா வந்து போட்டுவிடுவான்?"

போச்சு, இந்த வருஷமும் போச்சு. நோலீனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ட்ரூடி அவள் பக்கம் திரும்பினாள். "நீங்க எப்படி இருக்கீங்க?"

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மெர்வ் அவளையே பார்த்தார்.

"பொய் சொல்றா" என்றார். "குளிக்கிற இடத்துல நான் வழுக்கி விழுந்தப்ப தாங்கிப் பிடிச்சா. அன்னியிலேருந்து வலது கை தோளுக்கு மேல எழும்பல. தலை வாரிக்கக்கூட முடியல. நான் தூங்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டு, துணி துவைக்கிற ரூமுக்குப் போய் அழறா. அத எழுதிக்கம்மா."

"எழுதிக்கறேன். வேற?"

அவர் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். தட்டில் கிடந்த ஸ்பூன் கடகடவென்று ஆடியது.

"இந்தச் சட்டைக்குப் பொத்தான் போட்டதும் அவதான். வலியோட, அந்தக் கையாலயே."

ட்ரூடி எழுதத் தொடங்கினாள். மெர்வின் கை பழக்கதோஷத்தில் மறுபடி பாக்கெட்டைத் தேடிப் போனது. நோலீன் அதை எட்டிப் பிடித்து மேஜைமேலேயே வைத்துக்கொண்டாள். அவள் கன்னமெல்லாம் கண்ணீர்.

"இருக்கட்டும், கெழவா. அவ பாக்கட்டும்."